மூன்று சீட்டும் பதின்மூன்று வாரமும்

"தாங்கள் சொந்த விருப்பின் பேரில் வேலையை விட்டவராகக் கருதப்படுவதால், வேலையின் கடைசி நாளிலிருந்து பதின்மூன்று வாரங்களுக்குத் தங்களுக்கு உதவிப்பணம் வழங்கப்பட மாட்டாது." எனக்கு வந்த கடிதத்தின் இரண்டாவது பந்தி இது. ஆங்கிலத்தில் இருந்தது; தமிழாக்கம் என்னுடையது. கடிதத்தில் இட்டிருந்த திகதி கடந்த ஆண்டு ஜூன் 11. ஒக்லண்ட் நகரின் சான்ட்ரிங்ஹாமில் நாங்கள் குடியிருந்த வீட்டின் தபால்பெட்டிக்கு அது வந்து சேர்ந்தது ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. அன்று காலையிலிருந்து மழை. உறையின் ஒரு மூலை நனைந்திருந்தது.

திகதிகளைக் குறித்துவைப்பது என் பழக்கம். அதுவே என் தொழிலாகவும் இருந்தது. விமான நிலையத்துப் பக்கம் உள்ள ஒரு தொழிற்சாலையில், சாலட்டும் சாண்ட்விச்சும் அடைத்து வெளியேறும் டப்பாக்களின் மூடியில் 'இத்திகதிக்குள் உண்க' என்ற அச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பவன் நான். பெரிய வேலை இல்லை. ஆனால் திகதி ஒரு நாள் தவறினால் ஒரு லொறி நிறைந்த சாப்பாடு குப்பைக்குப் போகும். இலங்கையில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞனாக இருந்தவனுக்கு இந்த ஊர் கொடுத்த உத்தியோகம் அது. நான் அதில் குறை கண்டதில்லை.

சான்ட்ரிங்ஹாம் வீடு வாடகை வீடு. பின்பக்கத்தில் இரண்டு அறை, சின்னக் குசினி. குளிர்காலத்தில் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். ஆனாலும் அந்த வீட்டை விடக்கூடாது என்று நான் நினைத்ததற்குக் காரணம் என் மனைவி. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் வேறொரு புறநகரில் இருந்தோம். கார் ஓட்டத் தெரியாமல், ஆங்கிலம் பேசக் கூச்சப்பட்டு, இரண்டு குளிர்காலம் அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். இரண்டாவது குளிர்காலத்தின் முடிவில் என்னோடும் பேசுவதைக் குறைத்துவிட்டாள். குடும்ப வைத்தியர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சான்ட்ரிங்ஹாமுக்கு வந்தபிறகுதான் மெல்ல மெல்ல வெளியே இறங்கினாள். முதலில் பலசரக்குக் கடை வரை. பிறகு அதற்கு அடுத்த கடை. பிறகு பஸ் ஏறி நகரம் வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். கடைக்காரம்மா குஜராத்தி, இவளுக்குத் தமிழ். இருவரும் ஏதோ ஒரு பாஷையில் முருங்கைக்காய் விலையைப் பற்றி அரைமணி நேரம் சண்டை பிடிப்பார்கள். மாத்திரை நின்றது. ஒக்லண்ட் முழுவதிலும் அவள் தனியாகப் போய்வரப் பழகிய வீதி அந்த ஒன்றுதான். அதை இழக்கக்கூடாது என்பது மட்டுமே எனக்கு இருந்த கணக்கு.

ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை, தொழிற்சாலையில் எல்லோரையும் கூட்டி ஆட்குறைப்பு என்று அறிவித்தார்கள். யாராவது தாமாக முன்வந்தால் ஒப்பந்தத்தில் உள்ளதற்கு மேலாக நான்கு வாரச் சம்பளம் தருவார்கள். முன்வருபவர்கள் போதாவிட்டால் கொம்பனியே தேர்ந்தெடுக்கும். கூட்டம் கலைந்து போகும்போது எங்கள் மேற்பார்வையாளர், நல்ல மனிதர், என் தோளில் கை வைத்து, "உங்கள் பிரிவில் ஒருவர் போனால் மற்றவர்களைத் தொடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்" என்றார். நினைக்கிறேன் என்றுதான் சொன்னார். நாங்கள் அதை வாக்காக எடுத்துக்கொண்டோம்.

எங்கள் பிரிவில் இருந்த நாலு பேரும் தமிழர். நான் மன்னார். போர்க்லிஃப்ட் ஓட்டுபவர் யாழ்ப்பாணம், ஐம்பது வயது, தனி ஆள், வாய் ஓயாதவர். லேபிள் ஒட்டும் பெண் மலேசியாவிலிருந்து வந்தவர், இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். நாலாவது ஆள் தமிழ்நாடு. முப்பது வயதுக்காரர், அவருடைய விசா இந்தக் கொம்பனியோடு கட்டப்பட்டது. வேலை போனால் நாட்டைவிட்டே போகவேண்டும். மனைவியும் கைக்குழந்தையும் வேறு.

ஏப்ரல் 11, வெள்ளி மத்தியானம், சாப்பாட்டறையின் மூலை மேசையில் இதைப் பேசினோம்.

"கொம்பனி தெரிவுசெய்தா ஆரைத் தூக்கும் எண்டு சொல்லேலாது" என்றார் போர்க்லிஃப்ட்காரர். "நாங்களே ஒராளைக் குடுத்திட்டா மிச்சம் மூண்டு பேரும் தப்பலாம். சீட்டுக் குலுக்குவம்."

"என்னண்ணே இது, லாட்டரியா?" என்றார் மலேசியப் பெண்.

"லொத்தர் விழுந்தா காசு வரும் தங்கச்சி. இதில விழுந்தா போகும்."

சீட்டு எங்களுக்குப் புதிதல்ல. நாங்கள் நாலு பேரும் வெளியே இன்னும் சிலரும் சேர்ந்து மாதச்சீட்டுப் பிடிப்பதும் உண்டு. ஈழத்தமிழர் இருக்கிற இடமெல்லாம் அது இருக்கிறது. மாதாமாதம் எல்லோரும் பணம் போட்டு, ஒருவர் மொத்தத்தையும் எடுப்பது. அதை நடத்துபவருக்குத் தாச்சி என்று பெயர். முதல் மாதப் பணம் தாச்சிக்கு. எங்கள் தாச்சி போர்க்லிஃப்ட்காரர்தான். கடன் வாங்கவும், ஊருக்கு அனுப்பவும், கார் வாங்கவும் சீட்டையே நம்பிப் பழகியவர்களுக்கு, இந்த விஷயத்துக்கும் அதுவே நியாயமான வழியாகத் தெரிந்தது.

"வழமையா முதல் சீட்டு தாச்சிக்கு" என்று நான் சொன்னேன்.

"இந்தமுறை தாச்சி நானில்லை அண்ணை. வேணுமெண்டா நீங்க இருங்கோ."

தமிழ்நாட்டுக்காரரின் பெயரைப் போடுவதில்லை என்று முடிவு செய்தோம். அதற்கு யாரும் வாதாடவில்லை. அவர்தான், "அது சரியில்லண்ணா, என் பேரையும் போடுங்க" என்றார்.

"உன்ர பேரைப் போட்டு, அது வந்தா, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு விமானத்தில ஏறுவியோ? பேசாம இரு. நீ சீட்டை எடு. அதுதான் உன்ர வேலை" என்றார் போர்க்லிஃப்ட்காரர்.

"ஐயோ, என்னைய எடுக்கச் சொல்லாதீங்க."

மூன்று துண்டுகளில் மூன்று பெயர். லேபிள் தாளின் ஓரத்தைக் கிழித்து நான்தான் எழுதினேன். கழுவிய ஒரு சாலட் டப்பாவில் போட்டு மூடி, போர்க்லிஃப்ட்காரர் குலுக்கினார். பழைய கப்பற்பயணக் குறிப்புகளில், உணவு தீர்ந்துபோன படகில் தங்களில் யாரைக் கொன்று தின்பது என்று மாலுமிகள் சீட்டுக் குலுக்கியதைப் பற்றி வாசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை. டப்பாவின் மூடியில் திகதி நேராக அச்சாகியிருக்கிறதே என்பதைத்தான் கவனித்தேன்.

தமிழ்நாட்டுக்காரர் துண்டை எடுத்துப் பிரித்தார். வாசிக்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

அதில் என் பெயர் இருந்தது. பிறகு மலேசியப் பெண் அழத் தொடங்கினார். "நீங்க ஏன் அழுறீங்க, விழுந்தது எனக்கல்லோ" என்று நான் சொன்னேன். அவர் அழுதுகொண்டே சிரித்தார். போர்க்லிஃப்ட்காரர், "அண்ணை, இன்னொருக்கா குலுக்குவமோ?" என்று மெல்லக் கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படிச் செய்தால் சீட்டுக்கு என்ன மரியாதை?

அன்று மாலை மனைவியிடம் சொன்னபோது அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைக்கவில்லை.

"வேற ஆர் போனது?"

"நான் மட்டும்தான்."

"உங்களுக்கு அறுபத்தொண்டு. அந்தப் போர்க்லிஃப்ட் ஆளுக்கு ஐம்பது. அவருக்குப் பிள்ளையோ குட்டியோ?"

"சீட்டில வந்தது எனக்கு."

"சீட்டு" என்றாள். மீனைத் திருப்பிப்போட்டு வெட்டினாள். பிறகு, "அரசாங்கக் காசு வருமல்லோ?" என்று கேட்டாள். வரும் என்றேன். அதை விசாரித்துப் பாராமலே சொன்னேன். வேலையில்லாதவருக்குக் கொடுப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. கிடைக்கும் நாலு வாரச் சம்பளம் பழைய வாடகைப் பாக்கிக்கும் மகன் தந்த கைமாற்றுக்கும் சரி. உதவிப்பணம் உடனே தொடங்கினால், சிக்கனமாக இருந்து, வேறு வேலை தேடும்வரை அந்த வீட்டில் இருக்கலாம். அவ்வளவுதான் திட்டம்.

மே 9 கடைசி நாள். கொம்பனி தந்த கடிதத்தில், என் சொந்த வேண்டுகோளின் பேரில் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டேன் என்று இருந்தது. அந்தச் சொற்களை அன்று நான் கவனித்தேன், ஒரு கௌரவம் போலத்தான் பட்டது. வேலையால் நிற்பாட்டினார்கள் என்று சொல்வதைவிட, நானாக விட்டேன் என்று கோயில் வாசலில் சொல்வது எங்கள் ஆட்களுக்கு எளிது. இரண்டு ஞாயிறு அப்படியே சொல்லிக்கொண்டேன்.

மே 28, புதன்கிழமை, உதவிப்பணம் கொடுக்கும் அரச அலுவலகத்தில் எனக்கு நேரம் கிடைத்தது. வாசலில் காவலர் என் பெயரைப் பட்டியலில் சரிபார்த்து உள்ளே விட்டார். என்னிடம் பேசிய அலுவலர் இளம்பெண். கடுமையானவர் அல்ல. அதைக் குறிப்பாக எழுதிவைத்திருக்கிறேன், ஏனென்றால் பிறகு கோபம் வந்த நாட்களில் அவரைக் கடுமையானவராக நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

"கொம்பனி உங்களைப் போகச் சொன்னதா?"

"இல்லை. யாராவது முன்வரலாம் என்றது."

"நீங்கள் முன்வந்தீர்கள்."

"என் பெயர் வந்தது."

"எங்கிருந்து வந்தது?"

"ஒரு சாலட் டப்பாவிலிருந்து."

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் முழுவதையும் சொன்னேன். மூன்று சீட்டு, விசாக்காரருக்குச் சீட்டு இல்லை, மேற்பார்வையாளர் சொன்னது, எல்லாம் திகதியோடு. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இந்தக் குலுக்கலை நடத்தச் சொன்னது முகாமையாளரா?"

"இல்லை. நாங்களேதான்."

"அதில் சேரும்படி யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா?"

"இல்லை."

"பெயர் வந்தபிறகு நீங்கள் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமா?"

"சொல்லியிருக்க முடியாது" என்றேன்.

"ஏன்?"

"ஒத்துக்கொண்டுதான் சீட்டில் சேர்ந்தேன்."

"சொல்லியிருந்தால் யாராவது தடுத்திருப்பார்களா?"

"இல்லை. இன்னொரு தடவை குலுக்கலாமா என்றுகூடக் கேட்டார்கள்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். வேலையைத் தானாக விட்டவருக்குப் போதிய காரணம் இல்லாவிட்டால் காத்திருப்புக் காலம் உண்டு, பதின்மூன்று வாரம் வரை போகலாம், முடிவு கடிதத்தில் வரும் என்றார். நான் எழுந்துபோகும்போது, "உங்கள் நண்பர்கள் அதிர்ஷ்டசாலிகள்" என்றார். அது ஏளனம் இல்லை என்றே நினைக்கிறேன்.

கடிதம் வந்த அன்று மாலை அதை மனைவிக்கு வாசித்துச் சொன்னேன்.

"நீங்க அங்க போய் சீட்டுக் கதையெல்லாம் சொன்னனீங்களோ?"

"கேட்டாங்க. சொன்னன்."

"கொம்பனியில ஆள் குறைச்சாங்கள், என்னையும் குறைச்சாங்கள் எண்டு சொல்ல உங்களுக்கு வாய் வராதோ? அதுவும் உண்மைதானே?"

அதுவும் உண்மைதான். ஆனால் யார் என்ன கேட்டாலும் திகதி வாரியாக முழுவதையும் சொல்லும் பழக்கம் என்னுடையது. அவள் அதற்குமேல் திட்டவில்லை. சால்வையைப் போட்டுக்கொண்டு, மழை விட்டிருந்ததால், கடைப்பக்கம் நடந்து போய்விட்டாள். ஜன்னலால் அவள் போவதைப் பார்த்தேன். அடுத்த மாத வாடகைக்கு வழியில்லை என்பது அவளுக்கும் தெரியும். குடிவாடகைக்கென்று அலுவலகம் தந்த சிறு துணைத்தொகை போதாது. மகன் உதவலாம், ஆனால் அவனுக்கு பிளாட் புஷ் புறநகரில் வாங்கிய வீட்டின் மோர்ட்கேஜ் கடன், இரண்டு பிள்ளைகள்.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை, எங்கள் பிரிவையே மூடினார்கள். அறிவித்தல் கொடுத்து மூவரையும் நிற்பாட்டினார்கள். மேற்பார்வையாளரும் அதே நாளில் போனார். அவரை நான் குறை சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். தனக்கு வரப்போவதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மலேசியப் பெண்ணுக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில் வேலை கிடைத்தது. போர்க்லிஃப்ட்காரர் அதே அரச அலுவலகத்துக்குப் போனார். அவரைக் கொம்பனி நிற்பாட்டியதால் வழமையான குறுகிய காத்திருப்புக்குப் பிறகு பணம் வரத் தொடங்கியது. அதைச் சொல்ல என்னிடம் வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கோ."

"இல்லை அண்ணை. முகத்தில முழிக்க வெக்கமாக் கிடக்கு. எனக்குச் சீட்டு விழாததால காசு, உங்களுக்கு விழுந்ததால ஒண்டுமில்லை. இது என்ன சீட்டு?"

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

குடித்தார். மனைவி அவருக்கு முறுக்கும் வைத்தாள். அவள் அவரிடம் ஒரு கடுமையான சொல்லும் சொல்லவில்லை. பேசவேயில்லை என்பதுதான் சரி.

தமிழ்நாட்டுக்காரர் வேறு முதலாளியைத் தேடி அலைந்தார். விசாவில் வந்தவருக்கு உதவிப்பணம் கிடையாது. ஜூலை நடுவில் மனைவியையும் குழந்தையையும் ஊருக்கு அனுப்பினார். அதன்பிறகு ஒருமுறை என்னைப் பார்க்க வந்து, "நான் எடுத்த சீட்டுண்ணா அது. வேற சீட்டை எடுத்திருக்கலாம்" என்றார். எதை எடுத்திருந்தாலும் பிரிவை மூடியிருப்பார்கள் என்று சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை. எனக்கும் இல்லை. நாங்கள் ஒருவரைக் கொடுத்து ஒருவரையும் காப்பாற்றவில்லை.

பிரிவையே மூடிவிட்டதை ஆதாரமாகக் காட்டி, எப்படியும் என் வேலை போயிருக்கும் என்று மீள்பரிசீலனைக்கு எழுதினேன். இரண்டு பக்கம், திகதி வரிசையில். பதில் ஜூலை 16 வந்தது. நான் விலகிய நாளில் அந்த வேலை இருந்தது, விலகுவது என் தெரிவாகவே இருந்தது, முடிவு மாறாது. மேலும் முறையிட வழி உண்டு என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வழியில் நான் போகவில்லை. அதற்குள் வீட்டை விடுவதாக அறிவித்தல் கொடுத்துவிட்டோம்.

ஜூலை 26, சனிக்கிழமை. மகன் வேன் பிடித்து வந்தான். சாமான்கள் இரண்டு தடவையில் போயின. கடைசித் தடவைக்கு முன் மனைவியைக் காணவில்லை. கடையில் இருந்தாள். குஜராத்திக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் வெளியே நின்றேன்.

இப்போது பிளாட் புஷ்ஷில் மகன் வீட்டின் கராஜில் இருக்கிறோம். கார்பெட் போட்டு, ஹீட்டர் வைத்து, நன்றாகத்தான் செய்து தந்திருக்கிறான். வீதிகள் புதியவை, அகலமானவை. நடப்பவர் எவரும் இல்லை. எல்லா வீட்டு முன்னாலும் கார்கள். கடை இருக்கிறது, ஆனால் பெரிய வீதியைக் கடந்து, வளைந்து வளைந்து போகவேண்டும். இரண்டு முறை அவளைக் கூட்டிப் போனேன். மூன்றாம் முறை கால் நோகிறது என்றாள். பேரப்பிள்ளைகள் பள்ளியால் வந்து இவளுக்கு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போவார்கள். இவள் "ஓம் ராசா" என்பாள்.

ஓகஸ்ட் நடுவில் உதவிப்பணம் வரத் தொடங்கியது. பதின்மூன்று வாரம் முடிந்ததும் ஒழுங்காக வந்தது. அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பணத்துக்கு இப்போது சான்ட்ரிங்ஹாமில் ஒரு அறையும் கிடைக்காது. அங்கே பழைய வாடகையில் இருக்கும் வீட்டை விடாமல் வைத்திருக்கலாம். விட்டபிறகு திரும்பப் பிடிக்க முடியாது.

செப்டெம்பர் மாதம் வைத்தியர் மாத்திரையை மறுபடி எழுதினார். அளவு முன்பைவிடக் கூடுதல். நான் கேட்டதற்கு, "பேசிப் பேசித்தான் பார்க்கவேண்டும்" என்றார். பேசுகிறேன். நேற்று அவள் சொன்ன மிக நீளமான வாக்கியம், "கதவைச் சாத்துங்க, குளிருது."

கடந்த வாரம் போர்க்லிஃப்ட்காரர் தொலைபேசியில் வந்தார்.

"அண்ணை, ஒரு கதை கேள்விப்பட்டனான். எங்கட பக்டரியில இரவு வேலையில மெஷின் கழுவின ஒருத்தர் இருந்தவர். அவரும் உங்களை மாதிரி தானா முன்வந்தவர்தானாம். அவர் வேற இடத்து ஒபிஸுக்குப் போனவராம். ஆள்குறைப்புத்தானே எண்டு அங்க உடன குடுத்திட்டினமாம். பதின்மூண்டு வாரம் ஒண்டும் இல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"பெற்றோல் ஷெட்டில நிக்கிற பெடியன்."

"அவன்ர பேர் தெரியுமோ? அந்த ஆளின்ர நம்பர்?"

"ஒண்டும் தெரியாதண்ணை. ஆள் வெலிங்டன் பக்கம் போயிட்டாராம். சொல்லாம விடுவமோ எண்டு யோசிச்சனான்."

சொன்னது நல்லது என்றேன். மறுநாள் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். மற்றவர்களின் விவரம் சொல்ல முடியாது என்றார்கள், அது சரிதான். தாமாக முன்வந்து ஆட்குறைப்பில் போகிற எல்லோருக்கும் காத்திருப்புக் காலம் உண்டா என்று கேட்டேன். ஒவ்வொருவரின் நிலையையும் பொறுத்தது என்றார்கள். மனைவியிடம் இதை நான் சொல்லவில்லை.

அந்த மனிதரை நான் கண்டதில்லை. அவர் என்ன சொன்னார், எந்த அலுவலகத்தில் சொன்னார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அவருக்குப் பணம் உடனே கொடுக்கப்பட்டதா என்பதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.